பண்டிகை உங்களுக்கு, அடுப்பு எங்களுக்கு

பண்டிகை யாருக்கோ அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியக் கூடாது என்று ஒரு தெரு சட்டம் போட்டு வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. அந்தத் தெருவிலேயே தங்கி, அந்தத் தெருச் சோற்றைத் தின்று, முழங்கை வரை ஒழுகிய நெய்யைக் குழாயடியில் கழுவிய பிறகுதான் நம்பினேன்.

நான் ராஜபாளையத்துக்குப் போனது பண்டிகைக்கு அல்ல, பேண்டேஜ் துணிக்கு. பினாங்கில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் அனுப்பும் சிறிய கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கிறேன். எங்களுக்கு வரும் காயக்கட்டுத் துணி இந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்தது. இத்தனை வருடமாக அட்டைப் பெட்டியின் மேல் ஊர்ப் பெயரை வாசித்ததோடு சரி. "ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று முதலாளி அனுப்பிவைத்தார். மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருக்கும் தமிழச்சிக்கு இது வெளிநாடுதான், ஆனால் கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிகிற வெளிநாடு. அந்த ஆச்சரியமே எனக்கு முதல் நாள் முழுக்கத் தீரவில்லை.

லாட்ஜில் இடமில்லை. தறிக்காரர் தனக்குத் தெரிந்த ஜெபமணி டீச்சர் வீட்டு மாடியறையில் என்னைக் கொண்டுபோய் விட்டார். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் போனது மார்கழியில். கணவர் சாமுவேல் சார் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் காலமாகியிருந்தார். துக்கம் ஆறாத வீட்டில் போய்த் தங்குகிறோமே என்று எனக்குக் கால் கூசியது. டீச்சர் அதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இரிங்கம்மா. வீட்ல ஆள் சத்தம் இருந்தா எனக்கும் நல்லதுதான். இடியாப்பமும் சொதியும் இருக்கு, சாப்பிடுவீங்கள்ல?"

சாப்பிடுவேனாவது. பினாங்கில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும்தான் போட்டுக்கொள்வோம். இந்தச் சொதி தேங்காய்ப் பாலில் காய்கறி வேகவைத்து எலுமிச்சை பிழிந்தது. தட்டை நக்காத குறைதான். சாப்பிடும்போதுதான் அந்தத் தெருச் சட்டத்தைப் பற்றி டீச்சர் சொன்னார்.

தெருவின் குடியிருப்போர் சங்கம் முதலில் தண்ணீர் லாரிக்காகச் சண்டை போட உண்டானதாம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று டீச்சர் குடும்பம் விடியற்காலை ஆராதனைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. திரும்பி வந்தால் இவர்கள் வீட்டு டிரம்களெல்லாம் நிரம்பியிருந்தன. அது போதாதென்று எதிர்வீட்டு சுப்பராஜா வீட்டில் பிரியாணி வேறு ஆக்கி வைத்திருந்தார்கள். 'பண்டிகை ஒங்களுக்கு, அடுப்பு எங்களுக்கு' என்றாராம் சுப்பராஜா. சாமுவேல் சார் சங்கக் கூட்டத்தில் அதையே தீர்மானமாக்கிவிட்டார். அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு இந்துக்கள் சமைப்பார்கள். மார்கழியில் கூடாரவல்லி அன்று கிறிஸ்தவர்கள் சமைப்பார்கள். மார்கழி விரதம் முடிகிற நாள் அது. தெருவே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வரிசையாக உட்கார்ந்து, நெய் மிதக்கும் அக்காரவடிசில் சாப்பிடும். அதைச் சமைப்பது ஜெபமணி டீச்சர்.

பினாங்கில் எங்கள் தாமானில், அதாவது நாங்கள் இருக்கும் குடியிருப்பில், 'திறந்த இல்லம்' வைப்போம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒருவர் பண்டிகைக்கு ஒருவர் போவோம், தின்போம், படம் எடுத்துக்கொள்வோம். உலகத்துக்கே நாங்கள்தான் பாடம் எடுக்கிறோம் என்று எனக்கு ஒரு இறுமாப்பு உண்டு. ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து முறுக்குப் பிழிந்து இடுப்பு ஒடிவது நான்தான். விருந்தாளி வரும்போது எண்ணெய் வழியும் முகத்தோடு நிற்பதும் நான்தான். பண்டிகைக்காரியை உட்காரவைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சமைத்துப் போடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

"இந்த வருடமும் நீங்கள்தான் சமைப்பீர்களா?" என்று கேட்டேன். டீச்சர் சொதிப் பாத்திரத்தை மூடினார். "வேற யாரு? அவரு போனாலும் தெரு இருக்குல்ல" என்றார்.

மறுநாள் விடியலில் கண் விழித்தபோது எங்கோ ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டது. மாடியில் நின்று பார்த்தால் மேற்கே மலை, அதன் இடுப்பில் பனி. கீழே தெரு நெடுகக் கோலம். ஒவ்வொரு கோலத்தின் நடுவிலும் சாணி உருண்டையில் பூசணிப் பூ. குளிரில் விரல் நடுங்கப் பெண்கள் குனிந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கோலத்தை ஸ்டிக்கராக விற்கிறார்கள். வாங்கி ஒட்டியவள் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. மற்ற வருடங்களில் அவரும் கோலம் போட்டு நடுவில் ஒரு நட்சத்திரம் வரைவாராம்.

செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில் இருந்த தறிக்கொட்டகையில் காலைப்பொழுது கழிந்தது. தறிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. வெளுத்துக் காயப்போட்ட துணி காற்றில் மைதானம் முழுக்க எழும்பி எழும்பி அடங்கியது. பினாங்கில் யாரோ ஒருவரின் காயத்தைச் சுற்றப் போகிற துணி இங்கே இப்படி வெயில் குடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் தொழில் மறந்துபோய் நின்றுவிட்டேன். "மேடம், சாம்பிள்" என்று தறிக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார்.

மதியம் வீடு திரும்பினேன். பின்கட்டில் டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு ஆளே உட்காரலாம் போலிருந்த வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சங்கத்து உருளி அது. அவர் வீட்டில்தான் இருக்கும். சமையலறையில் வெல்லம், பாசிப்பருப்பு, ஏலக்காய் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். "பாலு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வரும். அந்தப் பாலுக்குத்தான் அந்த ருசி" என்றார். நான் வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் சுப்பராஜா வந்தார். மோட்டார் உதிரிபாகக் கடைக்காரர், சங்கச் செயலாளர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கூட இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், உருளிய எடுத்துக்கிடுதோம். இந்த வருசம் நீங்க செரமப்பட வேண்டாம். சமையல் மாஸ்டர் ஒருத்தர்ட்ட சொல்லியாச்சு."

டீச்சர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கோங்க. வெளக்கி வச்சிருக்கேன்" என்றார்.

அவர்கள் தூக்கிப் போனார்கள். டீச்சர் சமையலறைக்குள் போய் வெல்லத்தை டப்பாவில் போட்டு மூடி மேல் அலமாரியில் வைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதென்ன நியாயம் என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவங்க மேல தப்பில்லம்மா. துக்க வீட்டுக் கையால பண்டிகைச் சோறு திங்கிறது அவங்க வழக்கத்துல இல்ல. வருசம் திரும்பணும். எனக்குத் தெரியாதா? அதனாலதான கிறிஸ்துமஸுக்கு ஸ்டார்கூட நான் போடல. அவங்க எதிர்ல ஒரு துக்க வீட்ல வெளக்கு எரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு. கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தயிர்ச்சோறுதான் கொடுத்துவிட்டாங்க, பிரியாணி வரல. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிட்டு. சரி, விதவை கை. விட்டுப்போகட்டும்." அலமாரியைப் பார்த்தபடி, "சமைக்கிற அன்னைக்கு மட்டுமாச்சும் அவரு கூட இருக்க மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் கூடாரவல்லிக்கு முந்தின நாள். தெருவில் மூன்றாவது வீட்டு அலமேலு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் சொல்லிவைக்கப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அவள் பிறந்த வீடு கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம். ஆகவே கோயிலில் எங்களுக்கு ராஜ மரியாதை இல்லாவிட்டாலும் ஓரமாக ஒரு வழி கிடைத்தது.

கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தபோது கழுத்து வலித்தது. பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. கோலாலம்பூரில் இதைவிட உயரமான கட்டடங்களின் அடியில் நடந்திருக்கிறேன். அங்கே வாயைப் பிளந்ததில்லை. உள்ளே ஆண்டாள் கையில் ஒரு பச்சைக்கிளி. இலைகளால் செய்தது, அலகுக்கு மாதுளம்பூ. தினம் ஒரு கிளி புதிதாகச் செய்கிறார்களாம்.

"தெனமுமா?"

"தெனமும்தான். நேத்துக் கிளி நேத்தோட சரிக்கா" என்றாள் அலமேலு, மாட்டுக்குத் தீவனம் வைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு மட்டும் இருக்கப்போகிற கிளிக்கு அவ்வளவு நுணுக்கமாக இறகு வைத்திருந்தார்கள்.

பால் சொல்லியாயிற்று. பால்கோவாக் கடையில் பெரிய வாணலியில் பால் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டு சூடாக இலையில் வாங்கித் தின்றோம். பினாங்கில் நான் தின்ற பால்கோவாவுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று விசாரிக்க வேண்டும். மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு சொந்தக்காரருக்குப் பூ கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு வந்தோம். கூட்டத்தில் அடித்துப் பிடித்து ஏறி இடமும் பிடித்துவிட்டோம். அந்தச் சாமர்த்தியத்துக்கு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். "அலமேலு, டீச்சர் கையால் சாப்பிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?"

அவள் திரும்பி என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்னக்கா இப்படிக் கேக்கீக? டீச்சருக்குத்தான் பண்டிகை வேண்டாம்னு இருக்கு. அவுக வேதத்துல துக்கத்த எப்படிக் கொண்டாடுவாகன்னு நமக்கு என்ன தெரியும்? கிறிஸ்துமஸுக்கு ஸ்டாரே போடலியே. அப்பமே தெருவுல எல்லாரும் பேசிக்கிட்டோம், அவிய மனசு நோகக் கூடாதுன்னு. பிரியாணி கொடுத்தா, எங்க வீட்ல எழவு, ஒங்களுக்குக் கறியாம்பாக. அதான் தயிர்ச்சோறு."

"அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"துக்க வீட்ல போயி பண்டிகைப் பேச்சு எடுக்கவா? மனுசத்தனமா அது?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தெருக்காரர்கள் டீச்சர் வழக்கம் என்று ஒன்றை நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். டீச்சர் அவர்கள் வழக்கத்துக்குப் பயந்து விளக்கை அணைத்திருக்கிறார். இவ்வளவு நல்ல மனிதர்கள் கூடினால்தான் இவ்வளவு பெரிய தப்பு நடக்கும். உருளியைத் தேய்த்ததையும், வாங்கிவைத்த வெல்லம் அலமாரிக்குப் போனதையும், 'விதவை கை' என்று அவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அலமேலு கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார்.

"ராஜபாளையம் ரெண்டு."

"வத்திராயிருப்பு பஸ்ல ஏறிக்கிட்டு ராஜபாளையம் கேக்கீகளே! போர்டப் பாக்க மாட்டீகளா?"

கிருஷ்ணன்கோயில் விலக்கையும் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிடப்பட்டோம். கடைப் பலகைகளைப் படித்துப் பூரித்தவள் பஸ் பலகையைக் கோட்டை விட்டேன். எதிரே மலை மிக அருகில், மேகத்தின் நிழல் அதன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பிளவக்கல் டேம் பாக்க வந்தீகளா? இன்னும் தூரம் போகணுமே" என்றார். பழம் வாங்கிக்கொண்டு, திரும்புகிற பஸ்ஸுக்காக நின்றோம்.

அலமேலு பழத்தைக் கடிக்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சிக்கல் ஆழமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"யக்கா, ஒரு விசயம் மறைக்க மாட்டேன். டீச்சர் மனச நோகடிக்கக் கூடாதுன்னு நெனச்சது நெசம். ஆனா அவிய சமைக்கலன்னதும் உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. எங்கம்மா வீட்ல, வருசம் திரும்பாத வீட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக. கோயிலுக்கு மால கட்டுற கையில்லையா? நானும் அப்படியே வளந்தவ. தெருவுலயும் அப்படி நெனைக்கிற ஆளு உண்டு."

"இப்போது என்ன செய்யப்போகிறாய்?"

"மொதல்ல ஊரு போயிச் சேருவோம்க்கா."

பஸ் வந்தது. ராஜபாளையத்தில் அலமேலு இறங்கியதும் நேரே சுப்பராஜா கடைக்குப் போனாள். நான் கடை வாசலில் நின்றேன். அவள் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டுத் தெலுங்கில் படபடவென்று பேசினார். "என்ன சொல்கிறார்?" என்று, அவர் தெலுங்கு பழகிப் புரிந்த அலமேலுவிடம் கேட்டேன். "'நாம செஞ்ச மரியாதையில அந்தம்மா தெனமும் செத்துருக்காங்க'ங்காரு" என்றாள். ஆனால் மாஸ்டருக்குச் சொல்லியாயிற்று, தெருவில் நாலு பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், டீச்சரே மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கைகளைப் பிசைந்தார். வீட்டுக்கு வந்து டீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லித் தீருகிற காரியமாக அது எனக்குத் தெரியவில்லை.

கூடாரவல்லி. இருட்டோடு தெரு எழுந்து வேன்களில் கோயிலுக்குப் புறப்பட்டுப்போனது. டீச்சர் கதவைத் திறக்கவேயில்லை. மார்கழியில் கோயிலுக்குப் போகிறவர்கள் எதிரில் தான் படக் கூடாது என்று அவர் கேட் பக்கமே போகாமலிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது கேட் சத்தம் கேட்டது. ஈரத்தலையோடு, நெற்றியில் கோயில் குங்குமத்தோடு அலமேலு வந்தாள். இடுப்பில் பால்குடம். பின்னால் சுப்பராஜாவும் இன்னும் சிலரும் உருளியைத் தூக்கிக்கொண்டு. அவர்களுக்கும் பின்னால், அந்தச் சமையல் மாஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார்.

"டீச்சர், பால் திரிஞ்சிரும். அடுப்பப் பத்த வைங்க" என்றாள் அலமேலு.

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏட்டி அலமேலு, என்ன காரியம் பண்ணுத? வீட்ல துக்கம் கெடக்கு. வருசம் திரும்பல. கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வரலாமா? ஒங்களுக்கு ஆகாதும்மா."

"எங்க கோயில்ல இருக்கவ தான் போட்டு அழகு பாத்துட்டுக் கழட்டுன மாலையத்தான் சாமிக்குக் கொடுத்தா. அதத் தீட்டுன்னு எடுத்து எறிஞ்சாக. சாமி, எனக்கு அந்த மாலதான் வேணும்னுட்டாரு. இன்னைக்குக் காலைல அவ முன்னால நின்னப்ப எனக்கு வெக்கமாப் போச்சு டீச்சர். அந்த மாலையக் கட்டுற வீட்ல பொறந்துட்டு நான் ஒங்க கையத் தள்ளி வச்சிருக்கேன்." அலமேலு பால்குடத்தை டீச்சர் காலடியில் இறக்கிவைத்தாள். "எங்களுக்கு மாஸ்டர் சோறு வேண்டாம். ஒங்க கையால வேணும்."

டீச்சர் குனிந்து பால்குடத்தைப் பார்த்தார்.

"வெல்லம் தட்டணுமே. அது அவரு செய்ற வேல."

சுப்பராஜா உருளியை இறக்கிவைத்தார். சாமுவேல் சார் வருடா வருடம் உட்காரும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் அங்கேயே உட்கார்ந்தார். "கல்ல எடுத்துட்டு வாங்க டீச்சர். அவர மாதிரி வராது. கைய நசுக்கிக்காம தட்டுதேன்" என்றார். முதல் தட்டிலேயே நசுக்கிக்கொண்டார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். நான் கொண்டு வந்திருந்த சாம்பிள் பேண்டேஜ் துணி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்பட்டது.

அதன் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? வறுத்த அரிசியும் பருப்பும் பாலிலேயே வெந்தன. பால் சுண்டச் சுண்ட டீச்சர் மேலும் மேலும் பால் ஊற்றினார். அரிசி தன் உருவத்தை விட்டுக் கொடுத்தது. வெல்லப்பாகு இறங்கியதும் உருளி முழுக்கப் பொன்னிறம். பிறகு நெய். இனிப் போதும் என்று நான் மூன்று முறை நினைத்தேன், டீச்சர் நினைக்கவில்லை. ஒரு தரம்கூட அவர் ருசி பார்க்கவில்லை. வாசனையை வைத்தே கரண்டியைத் திருப்பினார். கோபித்துக்கொண்டு வந்த மாஸ்டர் தன்னை அறியாமல் முந்திரி வறுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெருவில் ஷாமியானாவுக்குக் கீழே எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் பரிமாறினார். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் அதைப் பார்த்தார். அந்தப் பெரியவரை யாரும் தடுக்கவில்லை, குறை சொல்லவும் இல்லை. அலமேலு கையில் அள்ளியபோது நெய் மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நானும் தின்றேன். ருசியை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு கவளம் தின்றதும் எதற்கென்றே தெரியாமல் அழுகை வந்தது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தாமானில் யாராவது கேட்டால் காரணம் நெய்ப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பிட்டவர்கள் டீச்சர் வீட்டுக் குழாயடியில்தான் கை கழுவினார்கள். கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்குப் போனார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை அல்லவா? போய் வருகிறேன் என்றால் துக்கத்துக்கு மறுபடி வருவதாகிவிடும். சார் போன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த தெருக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான், பேசிக்கொண்டிருந்துவிட்டு வார்த்தையில்லாமல் எழுந்து போய்விடுவார்களாம். அலமேலு கேட்டைத் திறந்தாள். செருப்பை மாட்டினாள். பிறகு திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கும்படியாகச் சொன்னாள்.

"போயிட்டு வாரேன் டீச்சர்."

டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"வா" என்றார்.

அடுத்து சுப்பராஜா, கட்டுப்போட்ட விரலோடு. "போயிட்டு வாரேன் டீச்சர்." அப்புறம் அவர் மனைவி. அப்புறம் ஒவ்வொரு வீடாக. ஒவ்வொருவருக்கும் டீச்சர் "வாங்க, வாங்க" என்றார். குரல் கம்மிப்போயிற்று. பிறகு உதடு மட்டும் அசைந்தது. ஆனாலும் ஒருவரையும் விடவில்லை.

எனக்கு அன்று சாயங்காலம் கிளம்ப வேண்டும். பெட்டியோடு அதே கேட்டில் நின்றேன். இனி எந்த வருடம், எந்தக் காரணத்துக்காக இந்த ஊருக்கு வரப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.